படமும் கதை சொல்லும்: வாசகர் கேள்வி, ஓவியர் பதில்

சிறுவர் புத்தக ஓவியம், அனிமேஷன் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றைச் சொந்தக்காரர் பரிசாகக் கொடுத்தார். தினமும் அதையே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் இது நேர விரயம் இல்லையா?
(ஒரு தாய், மதுரை)

இல்லவே இல்லை அம்மா. தாராளமாகப் பார்க்கட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா நடக்குது இதில?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள். நேற்று சொன்ன கதையை இன்று சொல்ல மாட்டாள்.

1978-ல் இங்கிலாந்தில் ரேமண்ட் பிரிக்ஸ் என்ற ஓவியர் 'தி ஸ்னோமேன்' என்று ஒரு புத்தகம் போட்டார். கதைக்குள் ஒரு சொல் கிடையாது. ஒரு பையன் பனியில் ஆள் செய்து நிறுத்துகிறான், ராத்திரி அது உயிர் பெற்று வீட்டுக்குள் வருகிறது, இருவரும் வானத்தில் பறந்து ஊர் சுற்றுகிறார்கள், விடிந்து பார்த்தால் அது உருகிக் கிடக்கிறது. அவ்வளவுதான் கதை. அதற்கு முந்தைய வருடம் அவர் வெளியிட்ட புத்தகத்தில் சேறும் சளியும் அழுக்கும்தான் எங்கு பார்த்தாலும், பக்கம் கொள்ளாமல் எழுத்து வேறு. அதிலேயே இரண்டு வருடம் கிடந்த பிறகு சுத்தமாக, வார்த்தையே இல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் போல இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மை தொட்டு ஓரக்கோடு இழுக்காமல் கலர் பென்சிலை மட்டும் வைத்து முழுப் புத்தகத்தையும் வரைந்தார். அதனால் பனியும் சுவரும் பையனின் கன்னமும் எல்லாமே மெத்தென்று ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும்.

கட்டங்களை அவர் கையாளும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பையன் எழுவது, சட்டை மாட்டுவது, மாடியிலிருந்து இறங்குவது எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு பக்கத்தில் பன்னிரண்டு வரைக்கும் போகும். பறக்கிற இடம் வந்ததும் கட்டம் பெரிதாகிப் பெரிதாகிப் பக்கம் முழுவதையும் வானமே எடுத்துக்கொள்கிறது. கடைசிப் படம் மறுபடி சின்னது. உருகிய பனிக்கு முன்னால் பையன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான், முகம் தெரியாது. அழுகிறானா, வெறுமனே பார்க்கிறானா என்று பிரிக்ஸ் சொல்லவில்லை. அதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும். இந்த வேலையை எழுத்து இருக்கிற புத்தகத்தில் எழுத்தாளரே முடித்துவிடுவார், குழந்தைக்கு மிச்சம் வைக்க மாட்டார்.

நான் ஓவியக் கல்லூரி மூன்றாம் ஆண்டு. புத்தக ஓவியம், அனிமேஷன் இரண்டிலும் ஆசை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலைதானே? எதைப் பிடித்துக்கொள்வது?
(மாணவர், கோவை)

கை ஒன்றுதான் தம்பி, வேலை ஒன்றில்லை. புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டுவது குழந்தை. அது ஒரே பக்கத்தில் கால் மணி நேரம் இருக்கும், பின்னால் போகும், பிடிக்காத பக்கத்தைத் தாண்டிவிடும். அனிமேஷனில் நேரம் டைரக்டர் கையில். ஒரு பார்வை எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கிறார், பார்ப்பவர் அவர் பின்னால் போக வேண்டியதுதான். புத்தக ஓவியர் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் எதை விடுவது என்று யோசிக்கிறார் என்றால், அனிமேஷன்காரர் அந்த நடுவைத்தான் உட்கார்ந்து வரைகிறார்.

மேலே சொன்ன அதே 'ஸ்னோமேன்' 1982-ல் படமாக வந்தது. டயான் ஜாக்சன் இயக்கியது, ஜான் கோட்ஸ் தயாரித்தது, அந்த வருடம்தான் தொடங்கியிருந்த பிரிட்டிஷ் டிவி சேனல் 4 டிசம்பர் 26 அன்று ஒளிபரப்பியது. 26 நிமிடம். நொடிக்கு 24 ஃப்ரேம் (கேமரா ஒவ்வொன்றாகப் பிடிக்கும் அசையாப் படம்) என்றும், வழக்கம்போல ஒரு டிராயிங்கை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துகிறோம் என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போடு: நொடிக்கு 12, நிமிடத்துக்கு 720, மொத்தம் 18,720 டிராயிங். பிரிக்ஸ் ஒற்றை ஆளாக மேஜையில் உட்கார்ந்து கலர் பென்சிலால் தேய்த்ததை இங்கே ஒரு கூட்டமே சேர்ந்து, ஒரே கை வரைந்த மாதிரி கொண்டுவர வேண்டும். வழக்கமான கார்ட்டூன் மாதிரி தட்டையாகப் பெயின்ட் அடித்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், புத்தகம் செத்திருக்கும். அவர்கள் செல்லுலாய்டு என்ற ஒளி ஊடுருவும் தாளின் மேலேயே கிரேயானையும் பேஸ்டலையும் தேய்த்தார்கள். தீற்றல் ஒரு ஃப்ரேமில் விழுந்த மாதிரியே அடுத்ததில் விழாது இல்லையா, அதனால் படம் முழுக்க அந்த வண்ணம் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தி நிறுத்திப் பார், நான் சொல்வது புரியும்.

இன்னொன்று, புத்தகத்தில் கிறிஸ்துமஸே கிடையாது. அதில் அவர்கள் பறந்து போவது பிரைட்டன் கடற்கரைக்கு, கடலுக்குள் நீளும் அந்த ஊர்ப் பாலத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடதுருவம், பனி மனிதர்களின் விருந்து, கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் படத்துக்காகச் சேர்த்தவை. முதலில் இது பிரிக்ஸுக்குப் பிடிக்கவில்லை, கிறிஸ்துமஸை ஏன் இழுத்து வருகிறார்கள் என்றுதான் நினைத்தார், பிறகு நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பறக்கும் காட்சி படத்தில்தான் உச்சம் என்பேன், ஹவர்ட் பிளேக்கின் பாட்டு அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. முடிவில் மட்டும் நான் புத்தகத்தின் பக்கம். படத்தில் பையனின் பையிலிருந்து தாத்தா கொடுத்த மஃப்ளர் வெளியே வருகிறது, அதாவது நடந்ததெல்லாம் நிஜம் என்று சாட்சி சொல்லியாகிவிட்டது. புத்தகம் சாட்சி சொல்லாது.

எதைப் பிடிப்பது என்று கேட்டாய். ஒரு கேரக்டரைப் பத்துக் கோணத்தில் திரும்பத் திரும்ப வரையும்போது சலிக்காமல் இருந்தால் அனிமேஷனுக்குப் போ. நாலாவது கோணத்திலேயே அதற்கு வேறு சட்டை மாட்டி வேறு ஊருக்கு அனுப்பத் தோன்றினால் புத்தகம். எதுவானாலும் ஸ்டோரிபோர்டு (கதையைக் காட்சி காட்சியாகச் சின்னக் கட்டங்களில் வரைந்து பார்ப்பது) போடக் கற்றுக்கொள், அது இரண்டு பக்கமும் சோறு போடும்.

எழுத்தாளர் எழுதியதை வரைவதுதானே ஓவியரின் வேலை? இதில் சொந்தக் கற்பனைக்கு இடம் எங்கே?
(ஆசிரியர், தஞ்சாவூர்)

'ரோஸியின் நடை' என்ற பொருள்படும் ஒரு ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது ஐயா, 1968-ல் வந்தது, எழுதி வரைந்தவர் பாட் ஹட்சின்ஸ். எழுத்து மொத்தமும் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 32 சொற்கள்: ரோஸி என்ற கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரைத் தாண்டி நடை போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பியது. படத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? முதல் அடியிலிருந்தே கோழிக்குப் பின்னால் ஒரு நரி. அது பாய்கிறது, மண்வாரியின் பல்லை மிதிக்கிறது, கம்பு எழுந்து மூக்கில் அடிக்கிறது. அடுத்த பாய்ச்சலில் குளம். அப்புறம் வைக்கோல், அப்புறம் மேலேயிருந்து மாவு மூட்டை, கடைசியில் தேனீக்கள். கோழி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காது. நரி என்ற சொல் எழுத்தில் எங்குமே இல்லை.

வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகள் "சார், நரி! பின்னாடி நரி!" என்று கத்துவார்கள். வாசிக்கிற பெரியவருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சந்தோஷம் சாதாரணமில்லை. "சிவப்புச் சட்டை போட்ட பையன் மரத்தடியில் நின்றான்" என்று எழுதியிருந்தால் சிவப்புச் சட்டை, பையன், மரம் மூன்றையும் வரைந்து கொடுத்துவிடலாம்தான். அதில் ஓவியருக்கு என்ன வேலை? நம் ஊரில் இன்னும் நிறையப் புத்தகங்கள் இப்படித்தான் வருகின்றன, எழுத்து சொன்னதையே படமும் சொல்கிறது. இதில் ஓவியரை மட்டும் குறை சொல்ல முடியாது. படத்தை நம்பி ஒரு வரியை வெட்ட எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் மனசு வர வேண்டும்.

பல படப் புத்தகங்கள் 32 பக்கமாகவே இருக்கின்றனவே, ஏன்?
(வாசகி, திருச்சி)

அச்சு இயந்திரம்தான் காரணம். பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும், அச்சகத்தில் அதை ஒரு பாரம் என்பார்கள். இரண்டு பாரம், 32. நம் ஊரில் சென்டர் பின் அடித்து 24 பக்கத்திலும் நிறைய வருகின்றன.

எப்போதும் வெளிநாட்டு உதாரணமே சொல்கிறீர்கள். நம்மவர்கள் யாரும் இல்லையா?
(ஓய்வு பெற்ற தபால் ஊழியர், ஈரோடு)

இருக்கிறார்கள், அதுவும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர். "தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்" என்றதும் உங்களுக்குக் கண் முன் வருவது எது? ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் மயானம். அதை வரைந்த சங்கர், கே.சி. சிவசங்கரன், தாராபுரம் பக்கம் 1924-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ஏறத்தாழ அறுபது வருடம் அம்புலிமாமாவுக்கு வரைந்தவர். 2020-ல் காலமானார், மறு வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பத்திரிகை பல மொழிகளில் வந்தது, படம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதனால் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒடியப் பிள்ளைக்கும் ஒரே விக்கிரமன். வேதாளத்தை அவர் பயமாகத்தான் வரைந்தார், குழந்தைகள் பத்திரிகை என்று மழுப்பவில்லை. ராஜா மட்டும் நிமிர்ந்து நடப்பார், அந்த நடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும் மயானத்தைக் கடந்துவிடுவார்கள்.

சென்னை தாரா புக்ஸையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த, இரவில் மரங்கள் என்ன ஆகின்றன என்கிற புத்தகத்தை 2006-ல் கறுப்புத் தாளில், கையால் ஸ்க்ரீன் பிரின்ட் செய்து, கையால் தைத்து வெளியிட்டார்கள். பக்கத்தில் விரலை ஓட்டினால் மை தட்டுப்படும், மைக்கு வாசனைகூட இருக்கும். 2008-ல் இத்தாலியின் பொலோனா புத்தகக் கண்காட்சியில் அதற்கு விருது கிடைத்தது. கிடைத்தால் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் புகை, மூடுபனி எல்லாம் அனிமேஷனில் எப்படிச் செய்தார்கள்?
(பள்ளி மாணவி, நாகர்கோவில்)

நல்ல கேள்வி கண்ணு. 1975-ல் ரஷ்யாவில் யூரி நார்ஸ்டீன் பனிமூட்டத்தில் வழி தவறும் ஒரு முள்ளெலியைப் பற்றிப் பத்து நிமிடப் படம் எடுத்தார். முள்ளெலியை வடிவமைத்தது அவருடைய மனைவி, ஓவியர் ஃபிரான்செஸ்கா யார்பூசோவா. காகிதத்தில் வெட்டிய உருவங்களைக் கண்ணாடித் தட்டுகளில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, மேலேயிருந்து கேமராவால் படம் பிடிப்பார்கள். மூடுபனிக்கு மிக மெல்லிய தாள் ஒன்றை முள்ளெலியின் மேல் வைத்து, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை நோக்கித் தூக்கினார்கள். தாள் உருவத்திலிருந்து விலக விலக உருவம் மங்கும். நீயே செய்து பார்க்கலாம்: ஒரு படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை ஒட்ட வை, கோடு தெரியும். மெதுவாக மேலே தூக்கு, படம் கரைந்துபோகும். வீட்டில் செல்போன் இருந்தால் ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு போட்டோ எடுத்து வரிசையாக ஓட்டு. எப்படி வந்தது என்று எனக்கு எழுது.

நான் வரைந்த படப் புத்தகத்தில் எழுத்தாளர் பெயர் அட்டையில், என் பெயர் உள்ளே பொடி எழுத்தில். இப்போது அதே படங்களை வீடியோவாக ஆக்கிப் போட்டிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன செய்யலாம்?
(ஓவியர், சென்னை)

படிக்கும்போதே கோபம் வருகிறது. 32 பக்கத்தில் முக்கால்வாசிக் கதையைச் சொன்னது உங்கள் படம், உங்கள் பெயர் அட்டையில் இருப்பதுதான் நியாயம். முதலில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பாருங்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அப்படி எழுதியதில் எத்தனை வருடம் என்று போடாவிட்டால் ஐந்து வருடம்தான் கணக்கு, எந்த ஊருக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். படைத்தவர் நான் என்று உரிமை கோர 57-வது பிரிவு இருக்கிறது, உரிமையை விற்ற பிறகும் அது உங்களுக்கு உண்டு. ஆனால் நீங்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவராக இருந்தால் கதை வேறு, எதிராக ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும். காசு வாங்கிக்கொண்டு கேட்டதை வரைந்து கொடுத்த வேலைக்கும் 17-வது பிரிவில் சிக்கல் வரும், அதனால் ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டிவிடுங்கள். ஸ்கெட்ச், தேதி போட்ட மெயில், பணம் வந்த ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.

அடுத்த புத்தகத்துக்குப் பென்சிலைத் தொடும் முன்பே நாலு விஷயத்தை எழுதி வாங்குங்கள்: அட்டையில் பெயர், எத்தனை பதிப்பு, ராயல்டி (விற்பனையில் உங்கள் பங்கு) எவ்வளவு, அப்புறம் அனிமேஷன், வீடியோ, பொம்மை, டீ ஷர்ட் மாதிரியானவற்றுக்குத் தனி அனுமதி, தனிப் பணம். "எங்கள் வழக்கம் இது இல்லையே" என்பார்கள். உங்கள் வழக்கம் இதுதான் என்று சொல்லுங்கள்.