சாக்ஸபோன் பெட்டி திறக்காத நாள்கள்

கேள்வி: அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். எனக்கு இப்போது 27 வயது, தமிழ்ப்பள்ளியில் இசை ஆசிரியை. மாதம் இரண்டு சனிக்கிழமை கோலாலம்பூரில் ஒரு ஜாஸ் குழுவோடு சாக்ஸபோன் வாசிக்கிறேன். முதுகலை ஆய்வுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளி விட்டு வந்தால் பெட்டியைத் திறக்கவே கை வருவதில்லை. “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேணாம்” என்கிறார் அம்மா. எதை விடுவது?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு,

எதையும் விடாதீர்கள். ஆனால், ஆய்வுக்கென்று மேடைக்குச் சம்பந்தமில்லாத தலைப்பை எடுத்தால் மூச்சு முட்டிவிடும்.

பியானோ கலைஞர் விஜய் ஐயரைப் பாருங்கள். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனவர், இசையை விட முடியாமல் ஆய்வுத் துறையையே மாற்றிக்கொண்டார். தாளம் நம் உடம்பில் எப்படி ஊறுகிறது, ஓர் அடி கணக்கிலிருந்து நூலிழை பிந்தி விழும்போது ஏன் உயிரோடு ஒலிக்கிறது என்று ஆராய்ந்து 1998இல் முனைவர் பட்டம் பெற்றார். மேடையில் அவர் கை உணர்ந்த விஷயம்தான் அது. 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். கச்சேரியும் நிற்கவில்லை.

உங்கள் ஊரிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடி எடுப்பவரின் கால் தளர்ந்தால், உறுமிக்காரர் அந்தக் காலைப் பார்த்தபடியே அடியை மாற்றுவார். யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை. நீங்கள் சாக்ஸபோனில் மூச்சு இழுக்கும் இடத்தைப் பார்த்து உங்கள் டிரம்மர் செய்வதும் அதுதானே? இதை ஆய்வு மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பாருங்கள். எனக்கு எழுதும்போதே ஆசையாக இருக்கிறது.

அப்புறம் பயிற்சி. மூன்றில் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். உதடு சில நாள் ஓய்ந்தாலே சுரம் ஆட ஆரம்பித்துவிடும். அதனால் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பள்ளி மணி அடித்ததும் காலியான வகுப்பறையிலேயே நாற்பது நிமிடம் வாசித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுப் படியேறினால் குளியல், சோறு, நோட்டுத் திருத்தம் என்று பொழுது போய்விடும். சன்னலோரம் நின்று கேட்கும் பிள்ளைகளை விரட்டாதீர்கள். அதுவும் பாடம்தான்.

ஆய்வைப் பகுதிநேரமாகச் செய்ய வழி இருந்தால் அப்படியே செய்யுங்கள். அவசரமில்லை. சாக்ஸபோன் மேதை யூசெஃப் லத்தீஃப், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முனைவரானது 1975இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு.

அம்மா நீங்கள் அந்தக் குழுவோடு வாசிப்பதைக் கேட்டிருக்கிறாரா? கடிதத்தில் அது இல்லை. அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.