இரவு மூன்று மணிக்கு ஒரு சிகரெட்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் நடந்த சாலை விபத்தில் என் கணவர் பிழைத்துக்கொண்டார், கூட வந்த நண்பர் பிழைக்கவில்லை. அதிலிருந்து பிரேக் சத்தம் கேட்டாலே இவர் உடம்பு விறைத்துப்போகிறது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். நாளைக்கு மூன்று நான்கு என்றிருந்த சிகரெட் இப்போது ஒரு பாக்கெட்டைத் தாண்டிவிட்டது. "இதுதான் என்னைக் காப்பாற்றுகிறது" என்கிறார். அவர் அண்ணனோ "மனசில் தெம்பு இல்லாதவன்" என்கிறார். சிகரெட்டை நிறுத்தச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடுமோ?

பதில்: சகோதரி, முதலில் அண்ணன் சொன்னதை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் பிடிஎஸ்டி என்கிற, அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனஅழுத்த நோயின் அறிகுறிகள் போலத்தான் இருக்கின்றன. மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், கோழைத்தனம் என்று அல்ல.

சிகரெட் காப்பாற்றுகிறது என்று அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. இழுத்த புகையின் நிகோடின் இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது, நிஜமாகவே ஆசுவாசமாக இருக்கும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அப்போது படபடப்பு, எரிச்சல், தூக்கம் கலைவது எல்லாம் வரும், இவை அப்படியே பிடிஎஸ்டியின் அறிகுறிகளும்கூட. மூன்று மணிக்கு அவர் கை நடுங்க லைட்டரைப் பற்றவைக்கும்போது அந்த நடுக்கத்தில் எவ்வளவு விபத்துடையது, எவ்வளவு நிகோடின் குறைந்ததால் வந்தது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த சிகரெட் நிகோடின் குறைந்ததால் வந்த நடுக்கத்தைத்தான் தணிக்கிறது, விபத்தின் நினைவு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பிடிஎஸ்டி உள்ள 943 முன்னாள் படைவீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். புகையை விட்டதால் பொதுவாக நோய் முற்றிவிடவில்லை. பிடிஎஸ்டிக்குச் சிகிச்சை தருபவர்களே புகையை விடவும் உதவியபோது, புகையை நிறுத்த உதவும் தனி கிளினிக்குக்கு அனுப்பப்பட்டவர்களைப் போல இரண்டு மடங்குப் பேர் விட்டார்கள். அப்படியும் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை, அதனால் முதல் தடவை தோற்றால் திட்டாதீர்கள்.

தெம்பு விஷயம். மீண்டெழும் திறனை அளக்க 2003-ல் வந்த 25 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. கஷ்டத்தில் சாய்ந்துகொள்ள நெருங்கிய உறவு இருக்கிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி! சிகிச்சையில் குணமாகிறவர்களுக்கு அந்த மதிப்பெண் ஏறுகிறது. அப்படியென்றால் அது பிறவியிலேயே முடிவாகிவிடுகிற சமாசாரமில்லை, வளர்வதுதான்.

எனவே பாக்கெட்டைப் பிடுங்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய், விபத்து, சிகரெட் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அதிர்ச்சி நினைவுகளை மெல்ல எதிர்கொள்ள வைக்கும் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, கூடவே புகையை விட உதவும் நிகோடின் பேட்ச் (தோலில் ஒட்டுவது), சூயிங்கம், மாத்திரை எது பொருந்தும் என்று மருத்துவர் பார்ப்பார். விட்ட முதல் வாரம்தான் கடுமையாக இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். சாக வேண்டும் என்ற பேச்சு எப்போதாவது வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அதுவரை, அவர் மாடிக்குப் போகும் ராத்திரிகளில் முடிந்தால் நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம், அவராகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.