அம்மாவிடம் சொல்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள்

கேள்வி: அம்மா இலங்கையில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1974-இல், 12 வயதில், தாத்தா பாட்டியோடு கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, பிறகு பந்தலூரில் குடியேறினார். பெரியம்மா கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். கடிதத் தொடர்பும் எப்போதோ நின்றுவிட்டது. வருகிற மே கடைசியில் அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து, அவர் பிறந்த லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் கொண்டுபோய் நிறுத்தி இன்ப அதிர்ச்சி கொடுக்க ஆசைப்படுகிறேன். தோட்டத்தின் தமிழ்ப் பெயர் மட்டும்தான் தெரியும். எப்படித் தயாராவது?
– வாசகி, பந்தலூர்

பதில்: அந்த இன்ப அதிர்ச்சியை முதலில் கைவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு அம்மாவே நேரில் போய்க் கைரேகை வைத்தாக வேண்டும், ஆகவே உங்கள் ரகசியம் எப்படியும் அந்தக் கவுண்டரோடு சரி. ஆனால் நான் தயங்குவதற்குக் காரணம் அதுவல்ல, நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஆண்டு.

1973, 1974 ஆண்டுகளில் இலங்கை முழுக்க அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. கிராமத்தில் சொந்த நிலம் இருந்தவர்கள் மரவள்ளியைத் தின்று சமாளித்தார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த நிலமும் இல்லை. தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. உங்கள் அம்மா புறப்பட்டது அந்தச் சமயத்தில். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. காகிதத்தில் அது வெறும் கணக்கு. வீட்டுக்குள் வந்தபோது பெற்றோர் இந்தக் கணக்கில், கல்யாணமான மகள் அந்தக் கணக்கில் என்று ஆனது. பிறந்த வாசல் என்று நீங்கள் நினைப்பது, அக்காவைக் கடைசியாகப் பார்த்த வாசலாக அம்மாவுக்கு இருக்கலாம். அங்கே திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பேச்சிலிருந்து தொடங்குங்கள். பேட்டி எடுப்பதுபோல எதிரில் உட்கார்ந்து கேட்டால், ‘அதெல்லாம் மறந்துபோச்சு’ என்ற பதில்தான் வரும். எனக்குத் தெரிந்த கூடலூர் அம்மா ஒருவரும் மகனிடம் அப்படித்தான் பல மாதம் சொல்லிவந்தார். ஒருநாள் ரொட்டிக்கு மாவு பிசையும்போது, லயத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மட்டும் அவன் கேட்டிருக்கிறான். பலகையில் சிந்திக்கிடந்த மாவைப் பரப்பி விரலால் கோடு கிழித்தார். இது ரோடு, இது பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), அதற்கு மேலே பிரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்), இந்தப் பக்கம் மாரியம்மன் கோயில், கீழே ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), மூலையில் பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்). மகன் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டான். அங்கே போனபோது, எந்த வரைபடமும் உதவாத இடத்தில், அந்த மாவுப் படத்தைப் பார்த்த ஒரு பெரியவர்தான் பீலியை அடையாளம் கண்டு வழிகாட்டினார்.

தோட்டத்தின் தமிழ்ப் பெயர் போதும் என்று நினைக்காதீர்கள். வரைபடத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர். தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டு, 1992-இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. பெயர்ப் பலகைகள் எத்தனை மாறினாலும் சனங்கள் வாயில் தமிழ்ப் பெயர்தான். மஸ்கெலியா ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னாலும் வேலை நடக்கும் என்றாலும், எந்தப் பிரிவு, கங்காணி யார், கணக்கப்பிள்ளை யார் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். பந்தலூரிலேயே அந்தத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கக்கூடும். தேயிலைக் கழகக் குடியிருப்பில் நாலு வீடு ஏறி இறங்குங்கள்.

அப்படி விசாரிக்கும்போது பெரியம்மாவைப் பற்றியும் கேளுங்கள், அதுவும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே. அவர் இல்லையென்றால், அந்தச் செய்தியை அம்மா தன் வீட்டில், தன் பாயில் உட்கார்ந்து கேட்கட்டும். யாரோ ஒருவர் லயத்து வாசலில் நின்று சொல்லித் தெரிய வேண்டாம்.

மே கடைசி வேண்டாம். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அட்டைக்கடியும் சேரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஆனால் டிசம்பரில் தொடங்கி மே வரை சிவனொளிபாத மலை யாத்திரை சீசன். அந்தக் கூட்டம் மலையகத்து ரயில் நிலையமான அட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாகத்தான் போகும். சனி, ஞாயிறு, பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து அட்டனுக்கு ரயில் டிக்கெட்டை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பயண அனுமதிக்கு இலங்கை அரசின் இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், இடையில் தரகர் வேண்டாம்.

பாட்டி சொன்ன பழைய மஸ்கெலியா டவுனைத் தேடாதீர்கள். மவுசாகலை அணை கட்டியபோது அது தண்ணீருக்குள் போய்விட்டது. நீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும். அம்மாவுக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் போகுமுன் ஆபீசில் சொல்லி அனுமதி வாங்குங்கள். லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஒரு குடும்பத்தின் அறை, என்பது சுமார் 10-க்கு 12 அடி, இன்று அதில் வேறொரு குடும்பம் சமைத்துத் தூங்கி எழுகிறது. அது அவர்கள் வீடு. நீங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடாமல், அந்த வீட்டாரை அம்மாவே கூப்பிடட்டும் என்று விடுங்கள். அவர் ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றாலும் திரும்புங்கள். அதற்காகவே அட்டனில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கும்படி திட்டமிடுங்கள், மறுநாள் மனசு மாறக்கூடும்.

கடைசியாகப் பாஸ்போர்ட் விண்ணப்பம். பிறந்த இடம் இலங்கை என்று எழுதினால் பழைய காகிதங்களைக் கேட்கக்கூடும். தாத்தா கப்பலேறியபோது வைத்திருந்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வீட்டில் ஏதாவது ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் அநேகமாக அதில் இருக்கும். நீங்களாகப் போய்த் துழாவாதீர்கள். எங்கே வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் கேளுங்கள், அவரே எடுத்துத் தரட்டும்.