ஸ்டென்ட் வைத்தாயிற்று, பயம் போகவில்லை

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ நன்றாக இருக்கிறது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ சோபாவை விட்டு எழுவதே இல்லை. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறார். செஸ் என்றால் உயிரை விடுவார். இப்போது கூட்டாளிகள் கூப்பிட்டால் போனைக்கூட எடுப்பதில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்தால் பாதி அப்படியே இருக்கிறது. கேட்டால், "போட்டு மட்டும் என்ன ஆகப் போகுது?" என்கிறார். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், "எனக்கு இதயத்துலதான் கோளாறு, மூளையில இல்ல" என்று எரிந்து விழுகிறார். மனநல மாத்திரைகள் இதயத்துக்கு ஆகுமா என்று எனக்கும் பயம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த மாத்திரை அட்டை. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை இஷ்டத்துக்கு விட்டால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அடைப்பு வரலாம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இன்றே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது சோம்பேறித்தனம் இல்லை. மனச்சோர்வும் பயமும் சேர்ந்தது போலத் தெரிகிறது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது மனதோடு நிற்பதில்லை. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன, ரத்தத் தட்டணுக்கள் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. நடைப்பயிற்சியும் மாத்திரையும் விட்டுப்போவது தனி. மாரடைப்புக்குப் பின் ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் மனச்சோர்வையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. அதனால் அவரோடு வாதாடாதீர்கள். இதயத்தில்தான் கோளாறு என்கிறாரா? சரி, இதய டாக்டரிடமே போங்கள். "ரெண்டு வாரமா மனசு சோர்ந்தே இருக்கா? எதிலயாவது ஆர்வம் இருக்கா?" என்று அவர் கேட்டால் உங்கள் கணவர் பதில் சொல்லிவிடுவார். மனைவி கேட்டால்தான் கோபம் வரும்!

மருந்து பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ட்ரைசைக்ளிக் என்ற பழைய வகையை இதய நோயாளிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். செர்ட்ரலின் என்ற புதிய வகை மனச்சோர்வு மாத்திரை மாரடைப்பு வந்தவர்களிடமே சோதிக்கப்பட்டது. இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு சற்றுக் கூடும். இரண்டு மருத்துவர்களுக்கும் எல்லா மாத்திரையும் தெரிந்திருக்க வேண்டும். மருந்தில்லாமல் பேச்சு சிகிச்சையும் உண்டு.

இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கண்காணிப்பில் நடக்க வைப்பார்கள். வேகமாகத் துடித்தாலும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே கண்டுகொண்டால், நாடி பிடிப்பது மெல்லக் குறையும். "பயப்படாதீங்க" என்று நாம் நூறு தரம் சொன்னாலும் அது நடக்காது.

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும், பயம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். "போய்ச் சேர்ந்தா தேவல" என்கிற மாதிரி பேசினாலும் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.