கல்லூரியிலிருந்து பரங்கிமலைக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி ஒன்றில் பல வருடங்கள் என்சிசி (தேசிய மாணவர் படை) அதிகாரியாக இருந்தவன் என்பதால், ராணுவ அதிகாரி ஆக விரும்பும் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பி.காம். முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். ராணுவ அதிகாரி ஆவது சின்ன வயது ஆசை. டிகிரி முடித்த பிறகு தயாரானால் போதுமா? (மாணவர், விருதுநகர்)

போதாது தம்பி. இந்த வாரமே உங்கள் கல்லூரியில் என்சிசி அறை எங்கே என்று விசாரியுங்கள். இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகு ‘பி’ சான்றிதழ், மூன்றாம் வருடம் ‘சி’ சான்றிதழ். இரண்டாம் ஆண்டில் விழித்துக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். மூன்று வருடப் படிப்பில் அவர்களுக்கு ‘சி’ எட்டாமலே போய்விடும்.

அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்றால், ‘என்சிசி சிறப்பு நுழைவு’ என்ற வழியில் எழுத்துத் தேர்வே கிடையாது. ‘சி’ சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, டிகிரியில் 50 சதவீதம், வயது 19 முதல் 25, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. விண்ணப்பங்களைச் சலித்து நேராக எஸ்எஸ்பி, அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்காணலுக்கு அழைப்பார்கள். வருடத்துக்கு இரண்டு முறை அறிவிப்பு வரும், இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், சான்றிதழுக்காக மட்டும் சேர்ந்துவிட்டுப் பரேடுக்கு மட்டம் போடாதீர்கள். முன்பின் தெரியாத பையன்களோடு பத்து நாள் கேம்ப்பில் ஒன்றாகத் தங்கி, விடியற்காலையில் எழுந்து, மேப் ரீடிங்கும் ரைபிளும் கற்று, தன் பிளாட்டூனுக்குப் பொறுப்பெடுத்துத் திரும்புகிறவன் வேறு ஆளாகத்தான் வருவான். எஸ்எஸ்பியில் தேடுவது அந்த ஆளைத்தான்.

என்சிசியில் சேர்ந்தால் கட்டாயமாக ராணுவத்துக்கு அனுப்பிவிடுவார்களா? (ஒரு தாய், தஞ்சாவூர்)

இல்லை அம்மா. 1948-ஆம் ஆண்டின் என்சிசி சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது: மாணவர்களுக்குப் படைச்சேவைக் கடமை எதுவும் இல்லை. நம்பி அனுப்புங்கள்.

இறுதியாண்டு படிக்கிறேன், என்சிசியில் இல்லை. வழி அடைபட்டுவிட்டதா? (மாணவர், சேலம்)

அடைபடவில்லை. யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு இருக்கிறது. டேராடூனில் உள்ள ஐஎம்ஏவுக்கு (இந்திய ராணுவ அகாடமி) ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள்கள். சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏவுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) ஆங்கிலமும் பொது அறிவும் போதும், கணிதம் கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். பொறியியல் படிக்கிறவர் என்றால் எழுத்துத் தேர்வு இல்லாத தொழில்நுட்ப நுழைவுகளும் உண்டு.

பெண்களுக்கும் இதே வழிதானா? (மாணவி, மதுரை)

சிறப்பு நுழைவும் சிடிஎஸ் வழி ஓடிஏவும் உங்களுக்கும் உண்டு. பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். முதலில் குறுகியகாலப் பணி, அதாவது பத்து வருடம், வேண்டுமானால் மேலும் நான்கு. ஆனால் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி கிடைக்கிறது. வீட்டில் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

தமிழ்வழியில் படித்தவன். எஸ்எஸ்பியில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றாலே கை நடுங்குகிறது. (மாணவர், தென்காசி)

நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். எஸ்எஸ்பி ஐந்து நாள். முதல் நாளே வடிகட்டல்: ஒரு படத்தை அரை நிமிடம் காட்டுவார்கள், கதை எழுதி, குழுவாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அங்கே வாயே திறக்காதவர்களும் கத்தித் தீர்ப்பவர்களும் அன்று மாலையே ஊருக்கு ரயில் ஏறுகிறார்கள். பிழையில்லாத ஆங்கிலம் அங்கே அளவுகோல் இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொன்னால் போதும். விடுதியில் நான்கு பேர் சேர்ந்து தினமும் இருபது நிமிடம் ஒரு செய்தியைப் பற்றி ஆங்கிலத்திலேயே பேசுங்கள். முதல் மாதம் கூச்சமாக இருக்கும். ஆறாவது மாதம் நடுக்கம் நின்றிருக்கும்.

தேர்வானால் அடுத்து உளவியல் தேர்வுகள். 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். மனப்பாடம் செய்த வாக்கியங்களை எழுதினால், நேர்காணலிலும் மைதானத்துக் குழுப் பணிகளிலும் நீங்கள் வேறு ஆளாகத் தெரிவீர்கள். மூன்று மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், மூவருக்கும் ஒரே மனிதன் தெரிய வேண்டும்.

நேர்காணலில் உங்கள் வாழ்க்கையைத்தான் கேட்பார்கள். ஊர்த் திருவிழாவில் அன்னதான வரிசையைச் சமாளித்தது, அக்கா கல்யாணத்தில் பந்தி விசாரித்தது, கல்லூரிக் கபடி அணியைத் திரட்டியது எல்லாம் அங்கே பேசத் தகுந்தவை. செய்ததைச் செய்தபடியே சொல்லுங்கள்.

உடற்பயிற்சி எப்போது தொடங்கலாம்? (மாணவர், ஓசூர்)

நாளைக் காலையில். 2.4 கிலோமீட்டரை பத்தரை நிமிடத்துக்குள் ஓடுவது ஆண்களுக்கான நல்ல இலக்கு. மெதுவாகத் தொடங்கி மாதக்கணக்கில் கூட்டுங்கள், கடைசி நேர ஓட்டம் முழங்காலைத்தான் கெடுக்கும். கண், பல், நிறக்குருடு பரிசோதனைகளையும் இப்போதே செய்துகொள்ளுங்கள். ஐந்து நாள் ஜெயித்துவிட்டு மருத்துவத்தில் திரும்பி வருவது பெரிய வலி.

பயிற்சிக்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? நாங்கள் விவசாயக் குடும்பம். (ஒரு தந்தை, அரியலூர்)

எதுவும் கட்ட வேண்டாம் ஐயா. ஒரு நுழைவுக்கு முதன்முறை எஸ்எஸ்பி போகும்போது ரயில் கட்டணத்தையும் திருப்பித் தருகிறார்கள். ஓடிஏவில் 49 வாரப் பயிற்சிக்காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. பயிற்சியை முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டயமும் கிடைக்கும். பயிற்சி மைய விளம்பரத்தைப் பார்த்து நிலத்தை அடகு வைத்துவிடாதீர்கள்.