சப்பாத்துப் பெட்டிக்குள் காணி உறுதி வைக்கலாமா?

கேள்வி: இலண்டனில் இருக்கும் தம்பி, "நாங்கள் ஒரு ஷூபொக்ஸுக்குள்ளதான் இருக்கிறம்" என்று எழுதியிருக்கிறான். அதற்கு என்ன அர்த்தம்? இன்னொன்று: அப்பாவின் படங்கள், கடிதங்கள், காணி உறுதி எல்லாம் இங்கே ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. பழுதாகிவிடுமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, தம்பியின் வீடு சின்னது, அவ்வளவுதான். சப்பாத்தோடு வரும் மட்டைப் பெட்டிதான் ஷூபொக்ஸ். மிகச் சிறிய வீட்டையும் ஆங்கிலத்தில் அப்படிப் பரிகசிப்பார்கள். நாங்கள் புறாக்கூடு என்போமே, அதேதான். ஆனால் இசைமண்டபத்துக்கு இதே பெயர் பாராட்டு. 1870இல் வியன்னா நகரில் திறந்த மியூசிக்ஃபெராயின் என்ற இசைமண்டபம் அப்படிப்பட்டது: நீண்டு ஒடுங்கிய செவ்வகம், பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி காதை நிறைக்கும். (சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அலுமாரியும் அப்படித்தான்.)

இனி உங்கள் பெட்டி. மலிவான மட்டையில் அமிலம் இருக்கும். அது மெல்ல மெல்லக் கடதாசிக்கும் படத்துக்கும் ஏறும். பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடிதத்தின் ஓரத்தைப் பாருங்கள், தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். எங்கள் மாரியில் அந்த மட்டை ஈரத்தையும் உறிஞ்சிவைக்கும். பிறகு பூஞ்சணம், வெள்ளிப்பூச்சி, கறையான். சப்பாத்தோடு வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்பாதீர்கள். அது எப்போதோ ஈரம் குடித்து நிறைந்திருக்கும்.

வெயில் நாளொன்றில் எல்லாவற்றையும் எடுத்து, நிழலில் மேசையில் பரப்புங்கள். றப்பர் பாண்டும் துருப்பிடித்த கிளிப்பும்தான் முதல் எதிரிகள். என்னிடம் வந்த ஒரு கடிதக் கட்டில் றப்பர் உருகி, மேற்கடிதத்தின் முகவரியையே தின்றுவிட்டிருந்தது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்கவே வேண்டாம், அப்படியே விடுங்கள். நெகட்டிவில் வினாகிரி மணந்தால் அதை வேறாக வையுங்கள்; அந்தப் பழுது பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். படத்தின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பேனை வேண்டாம்.

உறுதியை லமினேற் செய்யச் சொல்லிப் பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. அமிலமில்லாத கடதாசி உறைக்குள் போட்டு, அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். நிலத்தோடும் வேண்டாம், மழை அடிக்கும் சுவரோடும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்கான் செய்து தம்பிக்கும் அனுப்பிவிடுங்கள்.

பெட்டியை எறிய வேண்டாம். கரண்ட் பில், தண்ணீர் பில் போட்டுவைக்க அது காணும்.