கண்ணு தெரியாத பொண்ணு சயின்ஸ் குரூப் கேக்குறா, மனுவும் எழுதிட்டா: ஒரு அம்மாவுக்கு என் பதில்

அக்கா, உங்க வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பாப்பா டென்த்துல மேத்ஸ், சயின்ஸ் ரெண்டுலயும் 90க்கு மேல வாங்கியிருக்கா, ஆனா ஸ்கூல்ல "லேப்ல ஆசிட் எல்லாம் இருக்கு, எதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, ஹிஸ்டரி குரூப் எடுத்துக்கட்டும்"னு சொல்லிட்டாங்க, அவ உடனே கூடப் படிக்கிற பசங்ககிட்ட கையெழுத்து வாங்கி ஹெச்எம்முக்கு மனு எழுதிட்டா, அதுவும் தனக்கு மட்டும் இல்லாம அடுத்து வர்ற புள்ளைங்களுக்கும் சேத்து. இப்ப உங்க பயமெல்லாம் அந்த மனு மேலதான். டீச்சருங்க மனசுல வெச்சுக்குவாங்களோ, படிக்கிற நேரம் வீணாப் போகுமோன்னு.

ஒண்ணு சொல்றேன் அக்கா, அந்த மனுவ தடுக்காதீங்க. அவளுக்கு பதிலா நீங்க போயி கெஞ்சவும் செய்யாதீங்க. சயின்ஸ் படிக்க அவளுக்கு என்னென்ன வேணும்னு அவ வாயாலேயே சொல்லத் தெரியணும், காலேஜ்லயும் வேலையிலயும் இத அவதான் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கணும். அதனால இதுவும் அவ படிப்புல சேந்ததுதான்.

இது புதுசும் இல்ல. ஆந்திராவுல ஸ்ரீகாந்த் பொல்லான்னு ஒரு பையன், பிறவியிலேயே பார்வை கிடையாது, பதினொண்ணாவதுல சயின்ஸ் தரமாட்டோம்னு சொன்னாங்க, கோர்ட்டுக்குப் போயி வாங்குனாரு. பன்னெண்டாவதுல 98 சதவீதம், அப்புறம் அமெரிக்காவுல எம்ஐடி, இப்ப ஹைதராபாத்துல சொந்தக் கம்பெனி. டெல்லியில கார்த்திக் சாஹ்னி, இவருக்கும் பார்வை கிடையாது, சிபிஎஸ்இ போர்டோட போராடி சயின்ஸ் எடுத்தாரு, ஐஐடி நுழைவுத் தேர்வுப் பக்கம் வழி விடல, 2013ல ஸ்டான்ஃபோர்டு போயி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சாரு. ரெண்டு பேருமே சண்டைய ஆரம்பிச்சது கிட்டத்தட்ட உங்க பொண்ணு வயசுலதான்.

அவங்க கேட்ட காலத்துல இல்லாத ஒரு பிடி இப்ப நம்ம கையில இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அரசு அங்கீகாரம் உள்ள எந்த ஸ்கூலா இருந்தாலும் பாகுபாடு இல்லாம சேக்கணும், அந்தப் புள்ளைக்குத் தேவையான வசதியையும் செஞ்சு தரணும்னு 16வது பிரிவு சொல்லுது. பரீட்சையில கூடுதல் நேரம், எழுதுறதுக்கு ஆளு, இதெல்லாம் 17வது பிரிவுல வருது. அரசு காலேஜ்கள்ல 5 சதவீதத்துக்குக் குறையாம இடம் ஒதுக்கணும்னு 32வது பிரிவு, ஆனா அதுக்கு ஊனம் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்குன்னு சர்டிஃபிகேட் வேணும். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு குடுக்குற யூடிஐடி அடையாளக் கார்டு இன்னும் எடுக்கலன்னா இந்த வாரமே அப்ளை பண்ணிருங்க, இது ஒண்ணுதான் நான் உங்கள அவசரப்படுத்துற விஷயம்.

இப்ப மனுவுக்கு வருவோம். பாப்பா அனுப்புன காப்பிய படிச்சேன், அழகா எழுதியிருக்கா, ஆனா "சம வாய்ப்பு வேண்டும்"னு முடிச்சிருக்கா. அதப் படிக்கிற ஹெச்எம் "சரி, பாக்கலாம்"னு ஃபைல்ல போட்டுருவாரு. அதுக்கு பதிலா பொருளாக் கேக்கச் சொல்லுங்க. லேப்ல கூட ஒரு ஆளு, அவ சொல்றத அப்படியே செய்யணும், அவளுக்காக யோசிக்கக் கூடாது. ஒரு கரைசல்ல இன்னொண்ண விட்டு அளந்து பாக்குற டைட்ரேஷன்ல கலர் மாறுறத அந்த ஆளு பாத்துச் சொல்லட்டும், எப்ப சொட்டு சொட்டா விடணும், எப்ப நிறுத்தணும், கணக்கு என்னன்னு முடிவு பண்றது அவ. ஆசிட் பயத்துக்கும் இதுதான் பதில், பாட்டில தொடப்போறது அந்த ஆளுதான். நோட்ஸ் எல்லாம் ஸ்கேன் பண்ணுன படமா இல்லாம டைப் பண்ணுன ஃபைலா வேணும், யூனிகோட்ல. படமா குடுத்தா, திரையில இருக்குறத வாசிச்சுக் காட்டுற என்விடிஏ சாஃப்ட்வேர் நேரடியா படிக்காது, பழைய தமிழ் எழுத்துருவுல குடுத்தா கன்னாபின்னான்னு படிக்கும். (அந்த என்விடிஏ சாஃப்ட்வேர் இலவசம் அக்கா, ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத ஒருத்தரு 2006ல ஆரம்பிச்சது, யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.)

கிராஃபுக்கு என்ன பண்றதுன்னு கேட்டீங்க. எங்கிட்ட வந்த ஒரு பொண்ணுக்கு அவங்கம்மா பழைய கார்க் போர்டுல குண்டூசி குத்தி, அதச் சுத்தி உல்லன் நூல் இழுத்துக் குடுப்பாங்க. ஒருநாள் நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ பரவளையத்து மேல ஒரு விரல மெதுவா ஓட்டிக்கிட்டே வந்து, கீழ வந்ததும் நிறுத்தி, "சார், இங்க சரிவு பூஜ்யம்"னா. போர்டுல வரைஞ்சத வெறுமனே காப்பியடிக்கிற எத்தனையோ புள்ளைங்க அந்த இடத்த கவனிக்கிறதே இல்ல.

ஈக்வேஷன் வேற தலைவலி, அத மறைக்க மாட்டேன். ஆனா டி.வி. ராமன்னு ஒருத்தரு, 14 வயசுல கிளக்கோமால பார்வை போயி, ஐஐடி பாம்பேல படிச்சு, 1994ல கார்னெல்ல டாக்டர் பட்டம் வாங்குனாரு, அவரோட ஆராய்ச்சியே கணக்குச் சமன்பாடுகள குரல்ல படிக்க வைக்கிற சிஸ்டம்தான். சமன்பாட்ட சாதாரண எழுத்தாவே டைப் பண்ற லாடெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, லெவன்த் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லீவுல தினம் அரைமணி நேரம் பழகட்டும், மத்த எந்த கோச்சிங்க விடவும் இதுக்குத்தான் பலன் அதிகம்.

குரூப் விஷயத்துல என் கருத்து, பயாலஜி வேண்டாம், மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும். அவ ஆசையும் அதுதானே. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின்ல 3 மணி நேரப் பேப்பருக்கு 1 மணி நேரம் கூடுதலா கிடைக்கும், எழுத ஆளும் கேக்கலாம். சாஃப்ட்வேர், டேட்டா, கணக்கு ஆராய்ச்சி எல்லாம் திறந்தே இருக்கு. பேங்க் பரீட்சைய டிகிரி முடிச்சிட்டுக் கூட எழுதலாம், ஆனா இப்ப சயின்ஸ விட்டா திரும்பி வர்றது ரொம்பக் கஷ்டம். நானே பல வருஷம் முன்னாடி பார்வை கம்மியா இருந்த ஒரு பையன "அக்கவுண்ட்ஸ் எடுப்பா, சேஃப்"னு திருப்பி விட்டிருக்கேன். அவன் கேட்டது ஃபிசிக்ஸ். இன்னிக்கும் அது என்னை உறுத்துது அக்கா.

மனுவ குடுக்கும்போது ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கிருங்க. முடியாதுன்னு சொன்னா அத எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, சண்ட போடாம பொறுமையா. பாதிப் பேரு எழுதிக் குடுக்கணும்னதுமே இறங்கி வருவாங்க. வரலன்னா அந்தக் காப்பியோட மாவட்டக் கல்வி அலுவலர், அப்புறம் மாற்றுத்திறனாளிகள் ஆணையர்னு போகலாம், நானும் கூட வர்றேன்.

ஞாயித்துக்கிழம சாயங்காலம் கூப்பிடுங்க. ஃபோன பாப்பாகிட்ட குடுத்துருங்க, மாத்தி எழுதுனத அவளே படிச்சுக் காட்டட்டும்.